நேரே வீட்டுக்குப் போகக் கூடாது

கால்மாட்டு மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பியூனரல் ஹோம் ஊழியர் விழித்துக்கொண்டிருக்க, தீத்தா ரெமி சவப்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தன் புருஷனின் ஷூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது ஷூ வந்துவிட்டது. வலது ஷூ அடம்பிடித்தது.

"யாருடி இதை மாட்டினது?"

"இங்க இருக்கறவங்கதான் தீத்தா," என்றாள் மரிவிக்.

"இவங்களுக்கு யாரு எடுத்துக் குடுத்தது?"

கோட்டு, சட்டை, டை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் மரிவிக்தான். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துப் பாதித் தூக்கத்தில் வந்தவள், கோட்டுக்குக் கீழே ஷூ இல்லாமல் எப்படி என்று அதையும் எடுத்துப் போட்டுவிட்டாள். செத்தவர் காலில் ஷூ மாட்டக் கூடாது என்பது பிலிப்பைன்ஸில் அவர்கள் ஊரான பங்கசினானில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஊரில் இருந்திருந்தால் நினைவு வந்திருக்கும்.

"ராத்திரி வீட்டுக்குள்ள டக்கு டக்குன்னு நடப்பான். நீ எழுந்து போய், உக்காருங்க தீத்தோன்னு சொல்லுவியா?"

ஊழியர் மரிவிக்கின் பக்கம் குனிந்து, ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். இந்த ஷூ அவருக்கு எப்போதும் காலைக் கடிக்கும் என்று அவள் சொல்லிவைத்தாள். அவர் மிகுந்த அனுதாபத்துடன் தலையாட்டினார்.

வலது ஷூவும் கடைசியில் வந்தது. தீத்தா ரெமி இரண்டையும் மரிவிக்கின் கையில் திணித்து, செல்சோவின் காலுறைகளை இழுத்து நேராக்கி, பாதங்களை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். அப்புறம் மூடச் சொன்னாள்.

தீத்தா என்றால் சித்தி; ரெமி மரிவிக்கின் அம்மாவுடைய தங்கை. மரிவிக்கைக் கனடாவுக்கு அழைத்துவந்தவள். இரண்டு வருஷமாக மரிவிக் படுத்து எழுந்திருப்பது வின்னிபெக்கில் அவள் வீட்டு அடித்தளத்து அறையில்தான். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை கிடையாது. மரிவிக்கின் புருஷன் ரொமெலும் ஐந்து வயது மகள் கேயும் ஊரில் இருக்கிறார்கள். பனி கரைந்ததும் வந்துவிடுவார்கள்.

தீத்தோ செல்சோ, அதாவது சித்தப்பா, செத்தது திங்கட்கிழமை காலை. வாசல் பனியை அள்ளப் போனவர், வாரியைப் பிடித்தபடியே பனிக்குவியலில் உட்கார்ந்தார். இளைப்பாறுகிறார் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கையசைத்திருக்கிறார். அவர் பதிலுக்குக் கையசைக்கவில்லை. அப்போது மரிவிக் வேலையில் இருந்தாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைத்தான் தீத்தா ரெமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்காரர்கள், அவள் முன்பு குளிர்கோட்டு தைத்த தொழிற்சாலையின் சிநேகிதிகள், செல்சோ துப்புரவு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, எல்லாருக்கும் ஒரே கதை. வார்த்தைகூட மாறவில்லை.

"அடுப்படி வாசல்ல வந்து நின்னான். தொப்பி, கையுறை எல்லாம் போட்டாச்சு. ரெமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னான். நான் பூண்டுச் சோறு வதக்கிக்கிட்டிருக்கேன். முதல்ல பனியை அள்ளிட்டு வா, தபால்காரி சறுக்கி விழுந்தா நம்ம தலையிலதான் விடியும்னேன். சரின்னான். போயிட்டான்." இங்கே நிறுத்தி மூக்கை உறிஞ்சுவாள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல வந்திருக்கான். வேற என்ன? நான் வாயை அடைச்சு வெளிய தள்ளினேன். வாசல்ல கால் வைக்கிறதுக்குள்ள கொன்னுட்டேன்."

அப்படியெல்லாம் நினைக்காதே ரெமி என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டு நகரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால், அப்படித்தான் இருக்கும் என்று அவர்களும் நினைப்பது தெரிந்தது. 

தீத்தோ என்ன சொல்ல வந்தார் என்பது மரிவிக்குக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் வீடு பார்த்திருந்தாள். ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடியில் சின்ன வீடு. சாவிகூட வாங்கியாகிவிட்டது. தீத்தா ரெமி கெட்டவள் என்பதால் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். முதல் குளிர்காலத்தில் மரிவிக்குக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். வேலை வாங்கிக் கொடுத்தாள். தன் கையால் தைத்த கோட்டைக் கொடுத்தாள். ஆனால் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, "வெந்நீர் தீந்துடும்டி" என்று குரல் வரும். தோழியோடு காப்பி குடிக்கப் போனால் யார், எங்கே, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேள்வி வரும். ஃபிரிட்ஜைத் திறந்தால், "என்ன தேடற?" ஊரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், நாற்பதை நெருங்குகிறவள், இரண்டு வருஷமாக அந்த வீட்டில் குதிகால் தரையில் படாமல் நடந்து பழகிவிட்டாள். கேயும் வந்து அப்படித்தான் நடக்கக் கற்றுக்கொள்வாள்.

தீத்தா ரெமியோ வேறு கணக்கில் இருந்தாள். ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறோம் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அடித்தளத்தில் சாமான் போடும் அறையைக் காலிசெய்து, குழந்தைக்கு என்று ரோஸ் பெயிண்ட் அடிக்கவைத்திருந்தாள். அடித்தவர் செல்சோதான். அடித்துக்கொண்டிருந்தபோதுதான் மரிவிக் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஒரு சுவர் முழுவதையும் அடித்து முடித்த பிறகு, "வா, அந்த வீட்டைக் காட்டு," என்றார்.

வந்து பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். கழிப்பறையில் தண்ணீர் இழுத்துப் பார்த்தார். சுவரைத் தட்டிவிட்டு, "கெட்டியா இருக்கு. ரொமெல் குறட்டை விட்டா அடுத்த வீட்டுக்குக் கேக்காது," என்றார். கீழே இறங்கும்போது, "நீ சொல்லாத. நீ சொன்னா நன்றி கெட்டவள்னு ஆரம்பிச்சு உங்க அம்மா வரைக்கும் போவா. நான் சொன்னா ரெண்டு வேளை சோறு போடமாட்டா, அவ்வளவுதானே? திங்கட்கிழமை காலைல சொல்லிடறேன். அன்னிக்கு அவ நல்ல மூடுல இருப்பா," என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவள் என்ன மூடில் இருந்தாளோ, அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

இதை எப்படிச் சொல்வது? தீத்தா, நீங்கள் அவரைக் கொல்லவில்லை, நான் உங்களை விட்டுப் போகப்போகிறேன் என்று சொல்லத்தான் வந்தார் என்றா? சொல்லாமல் இருந்தால், சித்தி மிச்சமுள்ள காலம் முழுக்க அந்தப் பூண்டுச் சோற்றையே வதக்கிக்கொண்டிருப்பாள். சொன்னால், புருஷன் போன அதே வாரத்தில் அக்கா பெண்ணும் போனாள் என்றாகும். மரிவிக்குக்கு இரண்டுக்கும் தெம்பு இல்லை. நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வேலைக்கும் லீவு கிடைக்கவில்லை.

பிற்பகலில் கூட்டம் வந்தது. சவப்பெட்டி இருந்த அறையில் சாப்பிடக் கூடாது என்று பியூனரல் ஹோமில் சட்டம். அதனால் பன்சித் நூடுல்ஸும் லும்பியா என்கிற பொரித்த ரோல்களும் கீழ்த்தளத்தில் இருந்தன. துக்கமும் கீழ்த்தளத்தில்தான் கொஞ்சம் கலகலப்பாக இருந்தது. மேலே மானாங் சேபா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். யார் வீட்டுச் சாவானாலும் முதல் ஜெபத்துக்கு வந்து கடைசி லும்பியாவோடு போகிறவள். தீத்தா ரெமியைவிட மூத்தவள்; மானாங் என்றால் அக்கா. எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்பதில் பாதிரியார்கூட அவளிடம் வாதாடமாட்டார்.

தலைமையாசிரியை கிளம்பியபோது மரிவிக் மரியாதைக்குக் கூடவே நடந்தாள். வாசலுக்குப் போவதற்குள் பின்னாலிருந்து மானாங் சேபாவின் குரல் வந்தது. ஜெபத்துக்கு நடுவில், அதே ராகத்தில்.

"மரிவிக், வழியனுப்பாதே, அருள் நிறைந்த மரியே வாழ்க..."

சாவு வீட்டில் யாரையும் வழியனுப்பக் கூடாது. வாய்விட்டு நன்றியும் சொல்லக் கூடாது. மரிவிக் நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். தலைமையாசிரியை கதவைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். என்ன மனுஷர்கள் என்று நினைத்திருப்பாள்.

கூட்டம் குறைந்திருந்த ஒரு சமயத்தில் தீத்தா ரெமி முன்வரிசை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மரிவிக் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர்க் குவளையைக் கொடுத்தாள். சித்தி வாங்கிக்கொள்ளவில்லை.

"கோட்டுப் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்டி. இங்க." தன் நெஞ்சில் தொட்டுக்காட்டினாள். "வலிச்சாத்தானே அங்க கை போகும்?"

"அது பழக்கம் தீத்தா. எப்பவும் அப்படித்தானே நிப்பாரு."

"உனக்கு என்ன தெரியும்?"

"நெஞ்சு வலியா இருக்காது."

"அதான், உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன்."

மரிவிக் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் கரைந்து கோடு கோடாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது ஊழியர் வந்து நின்றார். பனிப்புயல் எச்சரிக்கை, எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச்சேர வேண்டும், சீக்கிரமே மூடுகிறோம், மன்னிக்க வேண்டும் என்றார். மரிவிக்குக்கு அவர்மேல் நன்றியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

சாயங்காலம்தான் ஆகியிருந்தது, ஆனால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பனி குறுக்குவாட்டில் அடித்தது. மரிவிக் தீத்தோவின் காரை ஓட்டினாள். அவர்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். தீத்தா ரெமி முன்னால். பின்னால் மானாங் சேபா, மடியில் மிச்ச லும்பியா டப்பா.

"எங்க நிக்கப் போறோம்?" என்றாள் மானாங் சேபா.

சாவுக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் வேறு எங்காவது ஒரு கூரையின் கீழ் நுழைந்து, கொஞ்சம் இருந்து, உதறிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார், அவரோடு சாவும் வரும். வின்னிபெக்கில் அதற்கென்றே எல்லாரும் ஒரு தெருமூலை டோனட் கடைக்குத்தான் போவார்கள். கறுப்பு உடுத்திய பிலிப்பினோக்கள் கும்பலாக வந்தால் அங்கே வேலை செய்கிற பிள்ளைகளே புரிந்துகொண்டு, யார் போய்விட்டார்கள் என்று கேட்பார்கள்.

டோனட் கடை இருட்டாக இருந்தது. பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டும் மூடிவிட்டது. தேவாலயத்துக் கதவை மரிவிக் இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தாள். திரும்பிக் காருக்கு வருவதற்குள் இமையில் பனி ஒட்டிவிட்டது.

"மானாங், உங்க வீடு பக்கத்துலதானே?" என்றாள் தீத்தா ரெமி.

"ஆத்தாடி! அவனை என் வீட்டுல கொண்டுவந்து விடுவியா? நான் ஒண்டிக்கட்டை. செல்சோ நல்லவன்தான், இல்லேங்கல. அதுக்காக என் ஃபிரிட்ஜைத் திறந்து பாத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"அப்ப நேரே வீட்டுக்கே போயிடலாம் தீத்தா," என்றாள் மரிவிக். "ரோடே தெரியல."

"போகக் கூடாது."

"ஒரு நாள்தானே?"

"போகக் கூடாதுன்னேன். வாசல்லயே விழுந்தவன். காரை விட்டு இறங்கறதுக்குள்ள ஒட்டிக்கிட்டு வந்துடுவான். ஏன் நான் சொல்ல வந்ததைக் கேக்கலேன்னு கேப்பான். நான் என்னடி சொல்லுவேன்?" தீத்தா ரெமியின் குரல் உடைந்தது. சாவு நடந்த நாளிலிருந்து மரிவிக் அதைக் கேட்டதில்லை. மற்றவர்கள் எதிரில் அழுததெல்லாம் வேறு மாதிரி இருந்தது.

கார் ஒரு தடவை பக்கவாட்டில் வழுக்கி நின்றது. மானாங் சேபா ஜெபத்தை ஆரம்பித்தாள். ஹீட்டர் போட்டும் காருக்குள் மூச்சு புகையாக வந்தது. மரிவிக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடம் அடுத்த தெருவில்தான் இருந்தது. கேய் வந்து தூங்கப்போகிற இடம். அங்கே போய் யாராவது சாவை உதறுவார்களா? ஊரில் இருக்கிற அம்மா கேட்டால் செருப்பால் அடிப்பாள்.

காரை அந்தத் தெருவுக்குத் திருப்பினாள்.

"இங்க யாரு இருக்கா?" என்றாள் தீத்தா ரெமி படியேறும்போது. மரிவிக் முன்னால் ஏறினாள். மானாங் சேபா லும்பியா டப்பாவோடு ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டாள்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். காலி வீடு. புதுப் பெயிண்ட் வாசனை. கதகதப்பாக இருந்தது. உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. தீத்தா ரெமி நடு அறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அடுப்படி மேடையில் ஒரு பாத்திரச் சோப்பும், புதுத் துடைப்பமும், சின்னக் குழந்தைகள் உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலும் இருந்தன. ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் வீடு?"

"என்னது தீத்தா."

மானாங் சேபா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "புது வீட்டுக்கா கூட்டிட்டு வந்த? பைத்தியமாடி உனக்கு?" என்றவள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குளியலறை எங்கே என்று கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் சத்தம் எதுவும் வரவில்லை.

"தீத்தோ அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தாரு," என்றாள் மரிவிக். சொல்லும்போது அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டும் போட்டுக்கொண்டும் இருந்தாள். "நான் சொல்ல பயந்தேன். அவரே சொல்றேன்னாரு. திங்கட்கிழமை காலைல சொல்றேன்னாரு. நெஞ்சு வலி இல்ல தீத்தா. இதுதான்."

தீத்தா ரெமி கைப்பையைத் தரையில் வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அவன் இங்க வந்தானா?"

"வந்தாரு."

"அந்த ரோஸ் பெயிண்டு அடிச்சுக்கிட்டே இதையும் வந்து பாத்தான்."

"ஆமா."

"ரெண்டு பேரும் சேந்து என்னைக் கிறுக்கச்சியாக்கிட்டீங்க. நான் ஊரெல்லாம் போன் போட்டுக்கிட்டிருந்தேன். திரைத்துணி வாங்கினேன். அந்த அறையை இப்ப என்னடி பண்றது? நான் போய்ப் படுத்துக்கவா அந்த ரோஸ்ல?"

"நான் போகல தீத்தா. இதை விட்டுடறேன். வீட்டுலயே இருந்துடறேன்."

"பொய் சொல்லாத. குளிக்கிற ஸ்டூல் வரைக்கும் வாங்கி வச்சிருக்கறவ."

மரிவிக் சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பாக இருந்தது. தரையில் அப்படியே படுத்தால் விடியும்வரை எழுந்திருக்கமாட்டாள் என்று தோன்றியது.

"எங்க நின்னான்?" என்றாள் தீத்தா ரெமி.

"யாரு?"

"உங்கப்பன். யாருன்னு கேக்கறா பாரு. செல்சோ எங்க நின்னான்?"

மரிவிக் ஜன்னலைக் காட்டினாள். "அங்க ரொம்ப நேரம் நின்னாரு. எதிர்லயே பஸ் ஸ்டாப், பிள்ளைக்கு ஸ்கூல் போக நல்லதுன்னாரு. ஹீட்டர்ல கை வச்சுப் பாத்தாரு."

தீத்தா ரெமி அங்கே போய் நின்றாள். குனிந்து ஹீட்டரில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"நெஞ்சைப் பத்தி எதுவும் சொல்லலயா?"

"இல்ல."

"மூச்சு வாங்கல? இத்தனை படி இருக்கே."

ஏறும்போது தீத்தோ முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முட்டி பாழாப்போச்சு என்று சிரித்தார். மரிவிக்குக்கு அது இந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று யோசித்துப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

"இல்ல தீத்தா," என்றாள். "விடுவிடுன்னு ஏறி வந்தாரு."

"நிஜமா?"

"நிஜமா."

தீத்தா ரெமி தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் தோள்கள் இறங்கின. நான்கு நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் முதுகைக் காட்டியபடியே அழுதாள். மரிவிக் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் சித்தி கையைத் தட்டிவிட்டிருப்பாள். அந்தத் திருப்பத்துக் கைப்பிடியை இனிமேல் தினமும் தொட்டுத்தான் ஏற வேண்டும் என்று மரிவிக் நினைத்தாள். 

குளியலறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. "ஆச்சா?" என்றாள் மானாங் சேபா. "வெளிய வரலாமா? உள்ள உக்காந்து உக்காந்து என் காலு மரத்துப்போச்சு."

"வாங்க," என்றாள் தீத்தா ரெமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

மானாங் சேபா வந்து, கோட்டின் கீழ்ப்பகுதியைப் பிடித்து உதறப்போனாள். "சரி, வேற வீட்டுல கால் வச்சாச்சு. உதறிட்டு கிளம்புவோம். பாவம் இந்தப் பொண்ணு, அப்புறம் உப்பு வாங்கித் தெளிச்சுக்கட்டும்."

"உதறாதீங்க!" தீத்தா ரெமி அவள் கையைப் பிடித்துவிட்டாள். "இங்க செல்லாது."

"ஏன் செல்லாது? சொந்த வீட்டுக்குத்தானே நேரே போகக் கூடாது. இது வேற வீடு."

"எது வேற வீடு?"

மானாங் சேபாவுக்கு இந்த விஷயத்தில் யாரும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மரிவிக்கைப் பார்த்தாள். மரிவிக் தரையைப் பார்த்தாள்.

"என் அக்கா மக வீடு வேற வீடா? இதுவும் நம்ம வீடுதான். நம்ம வீட்டுல நின்னு உதறினா எப்படிப் போகும்?" தீத்தா ரெமி மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "அதோ, எதிர்ல கண்ணாடிக் கூண்டு இருக்கு பாருங்க. கூரை இருக்கு, சுவரு இருக்கு. அங்க போய் உதறலாம்."

"பஸ் ஸ்டாப்லயா? இந்தக் குளிர்லயா?"

"உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

மானாங் சேபா லும்பியா டப்பாவை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

விளக்கை அணைக்கப்போன மரிவிக்கிடம், "அந்த ஜன்னலுக்குத் தடிச்ச திரையாப் போடு," என்றாள் தீத்தா ரெமி, அவள் முகத்தைப் பார்க்காமல். "பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான்." படியில் மரிவிக் நீட்டிய கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. கைப்பிடியைத்தான் பிடித்தாள்.

தெருவைக் கடப்பதற்குள் மூவருக்கும் முகம் விறைத்துவிட்டது. கூண்டுக்குள் மூன்று பேர் நிற்கத்தான் இடம் இருந்தது. மேலே கூரையில் ஒரு சின்ன ஹீட்டர் சிவப்பாக எரிந்தது. மானாங் சேபா ஒரு சின்ன ஜெபம் சொல்ல, மூவரும் கோட்டைப் பிடித்து உதறினார்கள். தோளை, கையை, காலை. ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் மேல் இடித்தது. தீத்தா ரெமி தன்னுடையதை உதறி முடித்துவிட்டு, மரிவிக்கைத் திருப்பி நிறுத்தி, அவள் முதுகில் இருந்த பனியைக் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள்.

அப்போது ஒரு பஸ் வந்தது. புயலில் பஸ் ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர்களைப் பார்த்துக் கூண்டுக்கு எதிரே நின்றது. கதவு திறந்தது. உள்ளே எல்லா விளக்கும் எரிய, ஒரு ஆள்கூட இல்லாமல் காலியாக இருந்தது. ஓட்டுநர் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார்.

மூவரும் அசையவில்லை. அவர் காத்திருந்தார். பனி திறந்த கதவு வழியாக உள்ளே போய்ப் படியில் படிந்தது.

"நாங்க வரல," என்றாள் தீத்தா ரெமி ஆங்கிலத்தில். "நீங்க போங்க."

கதவு மூடிக்கொண்டது. பஸ் மெதுவாக நகர்ந்தது. அதன் பின்விளக்குகள் பனியில் மறையும்வரை தீத்தா ரெமி கூண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழியனுப்பக் கூடாது என்று மானாங் சேபா அவளிடம் சொல்லவில்லை.